பூமியின் முதல் உயிரைப் பாறையில் தேடும் தொழில்: யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பூமியில் உயிர் எப்போது, எப்படி வேரூன்றியது என்பதைப் பழைய பாறைகளில் தேடுவது புவிச்சரிதவியலின் ஒரு சிறு கிளை. இதைப் பற்றி அறிய விரும்பும் பிள்ளைகள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாடசாலைகளிலும் ரியூசன் வாசலிலும் அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்டவற்றை, அவர்கள் பேசிய மாதிரியே கீழே எழுதியிருக்கிறேன்.

சேர், இந்த வேலை செய்யிற ஆள் உண்மையில என்னத்தைத் தேடுறார்? எலும்பையோ?

எலும்பை இல்லை, தம்பி. ஓடும் எலும்பும் கொண்ட விலங்குகள் பாறையில் பரவலாகத் தென்படத் தொடங்கியே ஏறத்தாழ 54 கோடி ஆண்டுகள்தான். பூமியின் வயது 454 கோடி ஆண்டுகள். அதற்கு இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் இங்கே வாழ்ந்தவை நுண்ணுயிர்கள். அவற்றுக்கு எலும்பில்லை, பல்லில்லை. ஆகவே அவை விட்டுச்சென்ற வேறு தடயங்களைத்தான் தேடவேண்டும்.

முதலாவது தடயம் வடிவம். ஆழமில்லாத நீரில் பற்றீரியாக்கள் வழவழப்பான படலமாகப் பரவும். அதன்மேல் மணலும் சேறும் ஒட்டும். வெளிச்சத்தைத் தேடி உயிர்கள் மேலே ஏறி மறுபடி படலம் கட்டும். இப்படிப் படை படையாக உயர்ந்து கல்லான மேடுகளுக்கு ஸ்ட்ரோமட்டோலைற்று என்று பெயர்.

இரண்டாவது தடயம் இரசாயனம். காபனுக்கு 12, 13 என்று இரண்டு நிலையான சமதானிகள், அதாவது பாரம் மட்டும் வேறுபட்ட அணு வகைகள், உண்டு. ஒளித்தொகுப்புச் செய்யும் உயிர்கள் பாரம் குறைந்த காபன் 12ஐக் கூடுதலாக எடுத்துக்கொள்கின்றன. எனவே அவற்றின் எச்சத்தில் காபன் 13இன் பங்கு ஆயிரத்துக்கு இருபத்தைந்து அளவில் குறைந்திருக்கும். உயிரின் உருவம் அழிந்துபோன பின்பும் இந்தக் கணக்குப் பாறையில் தங்கிவிடக்கூடும்.

மூன்றாவது, காற்றிலும் கடலிலும் உயிர் ஏற்படுத்திய மாற்றம். ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன்னர்தான் வளிமண்டலத்தில் ஒட்சிசன் நிலையாகச் சேரத் தொடங்கியது. அந்த ஒட்சிசன் நுண்ணுயிர்கள் வெளிவிட்டது. பாறைகளில் உள்ள கந்தகச் சமதானிகள் அந்த மாற்றத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன. நாங்கள் இன்று இழுக்கும் மூச்சு அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பதை வகுப்பில் சொல்லும்போது எனக்கு இப்போதும் மெய் சிலிர்க்கும்.

யாழ்ப்பாணக் கல்லுக்குள்ள அப்பிடி ஏதும் கிடக்கோ?

முதல் உயிரின் தடயம் இல்லை. எங்கள் குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசின் காலத்துச் சுண்ணாம்புக்கல். அந்தக் காலம் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்தது. பூமியின் வயதை 454 ரூபாயாக எண்ணினால் எங்கள் கல் இரண்டரை ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

ஆனால் அதைச் சாதாரணமாக நினைக்கவேண்டாம். அந்தக் கல்லே உயிர்களால் ஆனது. ஆழம் குறைந்த வெதுவெதுப்பான கடலில் வாழ்ந்த போராமினிபெரா என்னும் ஒற்றைக்கல உயிர்கள், சிப்பி, முருகை, சுண்ணாம்புப் பாசி ஆகியவற்றின் ஓடுகள் படிந்து இறுகியதுதான் அது. மழைநீர் அதைக் கரைத்து வெடிப்பும் குகையும் ஆக்கியதால்தான் ஆறில்லாத ஊரில் எங்களுக்குக் கிணற்று நீர் கிடைக்கிறது. கீரிமலையில் கடலோரம் நன்னீர் ஊறுவதும், நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் நிற்பதும் அந்தக் கல்லின் செயல்தான். நெடுந்தீவின் கல்வேலிகளில் முருகையின் உடலமைப்பை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். பாறைக்குள் உயிர் எப்படிப் பதிகிறது என்று கண்ணைப் பழக்க இதைவிட நல்ல இடம் இலங்கையில் எனக்குத் தெரியாது.

இலங்கையின் ஏனைய பகுதியில், ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கில், மிகப் பழைய பாறைகளே இருக்கின்றன. வயது போதுமானதுதான். ஆனால் 60 கோடி ஆண்டுகளை ஒட்டிய காலத்தில் கண்டங்கள் மோதியபோது அவை பூமிக்குள் ஆழமாகப் புதைந்தன. மலைநாட்டுப் பாறைகள் 800 பாகை செல்சியசுக்கு மேல் வெந்து உருமாறின. அந்த வெப்பத்தில் கலத்தின் வடிவம் எதுவும் மிஞ்சாது. பழைய பாறையாகவும் இருக்கவேண்டும், அதிகம் வேகாமலும் இருக்கவேண்டும். இந்த இரண்டும் சேர்ந்த இடங்கள் உலகில் மிகச் சில.

அப்ப அந்தப் பாறையள் எங்க கிடக்கு?

முக்கியமானது மேற்கு அவுஸ்திரேலியாவின் பில்பரா. அங்கே டிரெசர் என்ற பாறைத்தொகுதியில் 348 கோடி ஆண்டு பழைமையான ஸ்ட்ரோமட்டோலைற்றுகள் இருக்கின்றன. அருகே ஸ்ட்ரெல்லி பூல் என்ற இடத்தில் 343 கோடி ஆண்டு வயதுள்ளவை. தென்னாபிரிக்காவின் பார்பட்டன் மலைகளும் இதே காலத்தவை. 2018இல் உலக மரபுரிமைத் தலமாக அறிவிக்கப்பட்டன. கிரீன்லாந்தின் இசுவா 370 கோடி ஆண்டுகள் வரை போகிறது, ஆனால் அங்கே பாறைகள் நன்றாக நசுங்கியிருக்கின்றன.

டிரெசரைப் பற்றி ஒரு விசயம் கூடுதலாகச் சொல்லவேண்டும். கொதிநீரூற்றைச் சுற்றி நிலத்தில் மட்டுமே படியும் ஒருவகைச் சிலிக்காப் படிவு அங்கே இருப்பதாக 2017இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது சரியென்றால் 348 கோடி ஆண்டுகளுக்கு முன்னரே உயிர் கடலில் மட்டுமல்ல, நிலத்துக் கொதிநீரிலும் வாழ்ந்திருக்கிறது. உயிரின் பிறப்பிடம் ஆழ்கடல் வெந்நீர் வாயா, நிலத்துக் குளமா என்ற பெரிய வழக்கில் இது ஒரு சாட்சி. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

உயிருள்ள ஸ்ட்ரோமட்டோலைற்றைப் பார்க்கவேண்டுமானால் மேற்கு அவுஸ்திரேலியாவின் சார்க் பே வளைகுடாவுக்குப் போகவேண்டும். அங்கே ஹமலின் பூல் என்ற பகுதியில் நீரின் உப்பு கடலைப்போல் இருமடங்கு. பாசியை மேயும் உயிர்கள் அதில் பெரிதாகத் தாக்குப்பிடிப்பதில்லை. அதனால் படலங்கள் தப்பி வளர்கின்றன. எங்கள் ஊரிலும் கோடையில் கடல்நீரேரி ஓரத்துத் தரவைகளிலும் உப்பளங்களிலும் சேற்றின்மேல் தோல்போல உலர்ந்து சுருளும் பாசிப் படலத்தைக் கண்டிருப்பீர்கள். அதே வகைக் குடும்பம்தான். அடுத்தமுறை காணும்போது ஒரு துண்டைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நிறம் மாறும் படைகள் தெரியும்.

கல்லில வளைஞ்ச கோடு கிடந்தா அது உயிர்தான் எண்டு எப்பிடி நம்புறது?

இந்தத் தொழிலின் உயிர்நாடியே இந்தக் கேள்விதான். நேர்மையான பதில்: முதலில் நம்பக்கூடாது. உயிரில்லாமல் அந்தக் கோடு உருவாகக்கூடிய எல்லா வழிகளையும் யோசித்து, ஒவ்வொன்றையும் சோதித்து, அவை எதுவுமே பொருந்தாத இடத்தில்தான் உயிர் என்ற சொல்லை எடுக்கவேண்டும்.

நடந்த சில வழக்குகளைச் சொல்கிறேன். 1993இல் அமெரிக்காவின் வில்லியம் சொப் பில்பராவின் ஏபெக்ஸ் என்ற கல்லில், ஏறத்தாழ 346 கோடி ஆண்டு பழைமையான 11 வகை நுண்ணுயிர் இழைகளைக் கண்டதாக எழுதினார். பாடநூல்களில் ஏறிய கண்டுபிடிப்பு அது. 2002இல் ஒக்ஸ்போர்ட்டின் மார்ட்டின் பிரேசியர் அதே கல்லை மறுபடி ஆராய்ந்து, அது கடலடிப் படிவே அல்ல, சூடான நீர் ஓடிய வெடிப்பில் படிந்த கல் என்றும், இழைகள் கனிமங்களைச் சுற்றி ஒட்டிய காபன் என்றும் வாதிட்டார். 2018இல் சொப் குழுவினர் தனித்தனி இழையிலேயே காபன் சமதானியை அளந்து, உயிர்தான் என்று மறுபடி எழுதினார்கள். எல்லோரும் ஏற்றுக்கொண்ட முடிவு இன்றுவரை இல்லை.

2016இல் இசுவாவில் 370 கோடி ஆண்டு பழைமையான ஸ்ட்ரோமட்டோலைற்று என்று சில சென்ரிமீற்றர் உயரமான கூம்புகளைக் காட்டினார்கள். அபிகெயில் ஓல்வூட் என்ற ஆய்வாளர் அங்கே போய்ப் பக்கவாட்டிலும் பார்த்தார். முன்பக்கத்தில் கூம்பாகத் தெரிந்தது, திரும்பிப் பார்த்தால் நீண்ட வரம்பு. பாறை நசுங்கியதால் வந்த வடிவம் என்று அவருடைய குழு 2018இல் எழுதியது. ஒரு கல்லை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது வழக்கு. 1999இல் யோகன் புரொக்ஸ் என்ற ஆய்வாளர் 270 கோடி ஆண்டுப் பாறையில் கருவுள்ள கலங்களுக்குரிய கொழுப்பு மூலக்கூறுகளைக் கண்டதாக வெளியிட்டார். பின்னர் அந்த மூலக்கூறுகள் பிற்காலத்தில் வெளியிலிருந்து கலந்தவை என்று காட்டிய 2008ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவருடைய பெயரும் இருக்கிறது. 2015இல், மாசு படாதபடி புதிதாகத் துளைத்தெடுத்த கல்லில் அவை காணப்படவில்லை என்று வந்த ஆய்விலும் அவர் பங்கு பெற்றார். தன் பெயரை உயர்த்திய முடிவைத் தானே முன்னின்று திருத்தும் மனம் இந்தத் துறைக்கு வேண்டும். கெட்டித்தனத்தைவிட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கோடிக்கணக்கான வருசம் எண்டு எப்பிடிக் கணக்குப் பாக்கினம்?

சேர்கன் என்ற கனிமம் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்றுக்கொள்ளும், ஈயத்தை அநேகமாக ஏற்காது. பிறகு யுரேனியம் தெரிந்த வேகத்தில் ஈயமாக மாறும். யுரேனியம் 238இன் அரைவாழ்வு, அதாவது அதில் பாதி மாறி முடிய எடுக்கும் காலம், ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள், யுரேனியம் 235இன் அரைவாழ்வு 70 கோடி. ஒரே சேர்கன் துண்டுக்குள் இரண்டு கடிகாரம் ஓடுவதால் ஒன்றைக்கொண்டு மற்றதைச் சரிபார்க்கலாம். உயிர்த்தடயம் உள்ள படைக்கு மேலும் கீழும் எரிமலைச் சாம்பல் இருந்தால், அதிலுள்ள சேர்கன் வயதின் எல்லையைச் சொல்லிவிடும். பூமியில் கிடைத்த மிகப் பழைய கனிமத் துண்டே ஒரு சேர்கன்தான்: மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜக் ஹில்சில் கிடைத்தது, வயது 440 கோடி.

இந்த இடத்தில் இலங்கைக்கு ஒரு பெருமை உண்டு. எங்கள் இரத்தினக்கல் படிவுகளில் கிடைக்கும், ஏறத்தாழ 56 கோடி ஆண்டு வயதுள்ள பெரிய சேர்கன்கள் ஒரே சீரானவை. உலகின் பல காலக்கணிப்பு ஆய்வுகூடங்கள் கருவியைச் சரிபார்க்கும் நியமக் கல்லாக அவற்றை வைத்திருக்கின்றன. புல்மோட்டைக் கனிம மணலிலும் சேர்கன் இருக்கிறது.

உயர்தரத்தில எந்தப் பாடம் எடுக்கவேணும்? கலைப்பிரிவில புவியியல் படிச்சாப் போகேலுமோ?

இரசாயனவியல் கட்டாயம் வேண்டும். அதனுடன் பௌதிகவியல், இணைந்த கணிதம், அல்லது உயிரியல். கணிதப் பிரிவும் சரி, உயிரியல் பிரிவும் சரி. சமதானி, கருவி, கணிப்பு என்று போகும் பிள்ளைக்குக் கணிதப் பிரிவு வசதி; நுண்ணுயிர், பரிணாமம் என்று போகும் பிள்ளைக்கு உயிரியல்.

கலைப்பிரிவுப் புவியியலில் இருந்து நேர்வழி இல்லை. அது நிலத்தோற்றம், நிலப்பயன்பாடு, தொலையுணர்வு போன்றவற்றுக்கு நல்ல அடித்தளம். ஆனால் இந்தத் துறையின் அன்றாட வேலை இரசாயனம்.

எங்க படிக்கிறது? யாழ்ப்பாணக் கம்பசில இருக்கோ?

யாழ். பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் புவிச்சரிதவியலுக்குத் தனித்துறை இல்லை. இலங்கையில் இதற்குரிய இடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் புவிச்சரிதவியல் துறை. மொறட்டுவையில் புவிவளப் பொறியியல் உண்டு. அது சுரங்கம், அகழ்வு சார்ந்தது. யாழ். விஞ்ஞான பீடத்தில் இரசாயனவியலோ தாவரவியலோ சிறப்பாகப் படித்து, முதுநிலைப் படிப்பில் இந்தத் துறைக்குத் திரும்புவதும் ஒரு வழிதான். உலகளவில் இந்தத் துறையில் இருப்போரில் கணிசமானவர்கள் இரசாயனத்திலிருந்தோ உயிரியலிலிருந்தோ வந்தவர்கள்.

கலாநிதிப் பட்டத்துக்கு வெளிநாடு போகத்தான் வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் விஞ்ஞானக் கலாநிதி மாணவருக்குப் பெரும்பாலும் கட்டணமும் மாத உதவித்தொகையும் கிடைக்கும், பதிலுக்குக் கற்பித்தலோ ஆய்வுப் பணியோ செய்யவேண்டும். அவுஸ்திரேலியா, ஜேர்மனி, ஜப்பான் அரசுகளின் புலமைப்பரிசில்களும் உண்டு. காணியை விற்றுக் கலாநிதிப் படிப்புக்கு அனுப்பாதீர்கள். உதவித்தொகை இல்லாத இடம் இந்தத் துறைக்கு ஏற்ற இடம் அல்ல. இந்தியாவை விரும்புவோருக்கு லக்னோவில் 1946இல் தொடங்கப்பட்ட பீர்பல் சாஹ்னி நிறுவனம் இருக்கிறது. தொல்லுயிர் ஆய்வில் பழுத்த இடம். சென்னைப் பல்கலைக்கழகத்திலும் அண்ணாமலையிலும் புவிச்சரிதவியல் துறைகள் உண்டு.

ஆங்கிலம் வேண்டும். பேராதனையிலும் விரிவுரை ஆங்கிலத்தில்தான். தமிழில் நன்றாக யோசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது ஒரு வருடத்தில் பிடிபட்டுவிடும்.

தம்பி, பொம்பிளைப்பிள்ளை காடு மலையெண்டு திரியலாமோ? மகள் ஒரே பிடியா நிக்கிறாள்.

திரியலாம், அம்மா. நான் மேலே சொன்ன அபிகெயில் ஓல்வூட் ஒரு பெண். பில்பராவின் வெயிலில் ஸ்ட்ரெல்லி பூல் பாறைகளைப் பல கிலோமீற்றர் தூரத்துக்குத் தொடர்ந்து ஆராய்ந்து, அவை நுண்ணுயிர்களின் கட்டமைப்பு என்று 2006இல் உலகம் ஏற்கும்படி எழுதியவர். பின்னர் நாசாவில், செவ்வாயில் இறங்கிய பெர்சிவியரன்ஸ் ஊர்தியின் ஒரு முக்கிய கருவிக்குத் தலைமை விஞ்ஞானியானார்.

உங்கள் பயம் நியாயமானது என்பதும் எனக்குத் தெரியும். களத்துக்கு ஒருவரும் தனியாகப் போவதில்லை, குழுவாகத்தான் போவார்கள். அத்துடன் ஆண்டின் பெரும்பகுதி ஆய்வுகூடத்தில்தான் கழியும். கொண்டுவந்த கல்லை 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்த்து, வெளிச்சம் ஊடுருவும் தகடாக்கி, நுணுக்குக்காட்டியில் மணிக்கணக்கில் பார்ப்பதுதான் பெரும்பங்கு வேலை. போகும் இடத்தின் பாதுகாப்பு ஒழுங்குகளைப் பற்றி மேற்பார்வையாளரிடம் மகள் முன்கூட்டியே கேட்கட்டும். நல்ல மேற்பார்வையாளர் அதற்கு மகிழ்ச்சியோடு பதில் சொல்வார்.

படிச்சு முடிச்சா வேலை இருக்கோ?

முதல் உயிரை ஆராயும் நிரந்தரப் பதவிகள் உலகெங்கும் குறைவு. கலாநிதிப் பட்டத்துக்குப் பின் சில ஆண்டுகள் ஒப்பந்த ஆய்வாளராக நாடு விட்டு நாடு மாறவேண்டி வரலாம். அதற்குப் பிறகும் விரிவுரையாளர் பதவி உறுதியில்லை. இதை மறைத்துப் பிள்ளைகளை உற்சாகப்படுத்துவது தவறு.

ஆனால் அந்தப் பாதையில் பாதி தூரம் போனவரும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. புவிச்சரிதவியல் பட்டதாரிக்கு இலங்கையில் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகம், நீர்வளச் சபை, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, மண்சரிவை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் என்று இடங்கள் உண்டு. குடாநாட்டின் நிலத்தடி நீரில் உவர் ஏறுவதும், உரத்திலிருந்து நைத்திரேற்று சேர்வதும் எங்கள் தலைக்கு மேல் தொங்கும் பிரச்சினைகள். அவற்றை ஆராயும் சமதானி முறைகளும் கருவிகளும், பழைய உயிரை ஆராயும் முறைகளோடு நெருங்கிய உறவுள்ளவை. பில்பராக் கல்லில் காபனை அளக்கப் பழகிய ஒருவர் சுன்னாகக் கிணற்று நீரையும் படிக்கலாம்.

எங்கட ஆக்கள் ஆராவது இந்தப் பக்கம் போயிருக்கினமோ?

கலை வரலாற்று அறிஞராக எல்லோரும் அறிந்த ஆனந்த குமாரசுவாமி முதலில் புவிச்சரிதவியலாளர். யாழ்ப்பாண வம்சாவளியினரான சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிம அளவையின் முதல் இயக்குநராக இருந்தார். தோரியனைற்று என்ற கனிமத்தை இனங்கண்டவரும் அவர்தான்.

உயிரின் தொடக்கத்தை நேரடியாக ஆராய்ந்தவர் காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும. சென்னைப் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படித்து, பிறகு இலண்டனில் இரசாயனம் கற்று, 1962இல் பேர்க்லியில் கலாநிதியானவர். 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை அவர் இருந்த நாசாக் குழு காட்டியது. அவை மனிதர் கைபட்டு ஒட்டியவையாக இருக்கலாமே என்ற சந்தேகத்தை அவர்கள் எப்படித் தீர்த்தார்கள் தெரியுமா? பூமியில் உயிர்களின் புரதத்தில் உள்ள அமினோ அமிலங்கள் இடக்கை வடிவம். விண்கல்லில் இடமும் வலமும் ஏறத்தாழச் சமமாக இருந்தன. கைரேகையிலிருந்து அப்படி வரமுடியாது. பின்னாளில் அவர் கண்டியில் உள்ள அடிப்படை ஆய்வு நிறுவகத்துக்கும் தலைமை தாங்கினார்.

செவ்வாய்க் கிரகத்தில உயிர் கண்டிட்டினம் எண்டு வந்ததே?

காணவில்லை. பெர்சிவியரன்ஸ் 2024இல் ஜெசெரோ பள்ளத்தில் ஒரு பாறையில் சிறுத்தைப்புள்ளி போன்ற அடையாளங்களைக் கண்டது. உயிரின் தடயமாக இருக்கச் சாத்தியம் உண்டு என்று 2025இல் கட்டுரை வந்தது. சாத்தியம் என்ற அந்தச் சொல்லைச் சில செய்திகள் விட்டுவிட்டன. ஏபெக்ஸ் கல்லுக்கு நடந்ததை நினைத்துக்கொண்டு காத்திருங்கள்.

நான் இப்ப பத்தாம் வகுப்பு. இப்பவே என்ன செய்யலாம்?

பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்று வாங்குங்கள், தங்கச்சி. கீரிமலைக் கடற்கரையில் கல்லைக் கிட்டப் பாருங்கள். ஒரு துளி வினாகிரி விட்டு நுரைக்கிறதா என்று சோதியுங்கள். சுண்ணாம்புக்கல் மெல்ல நுரைக்கும், கருங்கல் நுரைக்காது. கோட்டை மதிலில் முருகைக்கல் எங்கே, சுண்ணாம்புக்கல் எங்கே என்று கண்ணால் பிரித்தறியுங்கள். அங்கே எதையும் உடைக்கவோ அமிலம் விடவோ கூடாது, அது மரபுச்சின்னம். பார்த்ததை வரையுங்கள். படம் எடுப்பது போதாது. வரையும்போதுதான் கண் ஒவ்வொரு படையையும் தேடிப் போகும்.

கைவிடப்பட்ட கல்லகழ் குழிகளுக்குத் தனியாகப் போகாதீர்கள். ஓரம் இடியும், ஆழமான நீர் நிற்கும். கண்ணிவெடி அகற்றியது உறுதியாகாத காணிகளுக்குள் யாருடனும் போகவேண்டாம்.

ஒரு கல்லை எடுத்தால் எடுத்த இடம், திகதி, எந்தப் படை, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்ற நான்கையும் அந்த இடத்திலேயே எழுதுங்கள். மேல்பக்கத்துக்கு மார்க்கரால் அம்புக்குறி போடுங்கள். வீட்டுக்கு வந்து எழுதலாம் என்று வைத்தால் மேல்பக்கம் எதுவென்று மறந்துபோகும். மேல் கீழ் தெரியாத கல்லில் படைகள் எந்தத் திசையில் வளர்ந்தன என்று பிறகு யாராலும் உறுதியாகச் சொல்லமுடியாது.